சேர்க்கைக் கல்

புங்கமேடு, புதூர்நாடு
10.6.2024

தங்கச்சி சுந்தரம்மாளுக்கு அண்ணன் வேடியப்பன் எழுதுவது.

நானும் உன் அண்ணி வடிவும் இருக்கிறோம். எனக்கு முழங்கால் வலி ஓயவில்லை, அவளுக்கு வாய் ஓயவில்லை, மற்றபடி குறை ஒன்றும் இல்லை. உன் காது எப்படி இருக்கிறது? போனை வைத்தால் மில் இரைச்சல்தான் கேட்கிறது என்றாயே. இங்கேயும் டவர் வேண்டுமென்றால் மொட்டைப் பாறைக்கு ஏற வேண்டும். நம் இருவருக்கும் தபால்காரர்தான் கதி.

ஒரு சேதி. நம் உயர்நிலைப் பள்ளியின் பழைய கட்டிடத்தை இடிக்கப் போகிறார்கள். அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு, உள்ளே பிள்ளைகளை உட்கார வைக்கக் கூடாது என்று சுவரில் சிவப்பு மையில் எழுதிவிட்டுப் போனார்கள். எட்டாம் வகுப்புச் சுவரில் என் கை நுழைகிற அளவுக்கு விரிசல். சுற்றுச்சுவரும் சேர்ந்து போகிறது. புதிதாக மாடி வைத்துக் கட்டப் போகிறார்களாம். முப்பத்து நான்கு வருஷம் அங்கே பியூனாக இருந்து மணி அடித்தேன். ரிட்டயர் ஆன அன்றைக்குக்கூட இப்படி இருக்கவில்லை.

தலைமையாசிரியை பிரியதர்ஷினி அம்மா, கட்டிடத்தின் வரலாற்றை எழுதி ஒரு மலர் போட வேண்டும் என்கிறார். முதல் வருஷம் படித்தவர்கள் யாராவது உண்டா என்று கேட்டார். நான் யோசிப்பதற்குள் உன் அண்ணி முந்திக்கொண்டாள். "எங்க நாத்தனா ஒருத்தி கீறாம்மா, அவிநாசில. லெட்டர் எழுதுனா புக்கு மாதிரி இருக்கும்" என்று சொல்லிவிட்டாள். அதனால் எழுதுகிறேன். உனக்கு ஞாபகம் இருப்பதை எழுதி அனுப்பு. கட்டிடத்தைப் பற்றி மட்டும் எழுதினால் போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

வேடியப்பன்


மில் விடுதி, அவிநாசி
22.6.2024

அண்ணனுக்கு சுந்தரம்மாளின் வணக்கம்.

என் காது அப்படியேதான் இருக்கிறது. விடுதிப் பெண்கள் என் முன்னால் வந்து நின்று வாயை அசைத்தால் புரிந்துகொள்கிறேன். நூற்று இருபது பேருக்குச் சமைக்கிறவளுக்குக் காது எதற்கு, மூக்கு போதும். அண்ணியைக் கேட்டதாகச் சொல். அவள் வாய் நன்றாக இருந்தால் வீடு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

வரலாறு கேட்டாய். 1977இல் எனக்குப் பதினொரு வயது. அதுவரை பள்ளிக்கூடம் என்பது சாமைக் களத்து ஓரத்தில் ஒரு கீற்றுக் கொட்டகை. காற்றுக்குக் கூரை பறந்தால் அன்றைக்கு விடுமுறை. அப்புறம்தான் ஒடுகத்தூரிலிருந்து அருள்மணி சார் தலைமையாசிரியராக வந்தார். கட்டிடத்துக்கு உத்தரவு வாங்கினார். ஜீப் பாதி வழிதான் வரும். அங்கேயிருந்து இரண்டு மைல், ஓடுகளைப் பிள்ளைகள் நாங்கள்தான் சுமந்தோம், ஆளுக்கு நாலு. நான் இரண்டை உடைத்துப் புதரில் மறைத்தேன். இதை நீ மலரில் போடக் கூடாது.

கட்டிடம் முடிந்ததும் சுற்றுச்சுவருக்குப் பணம் இல்லை. சேருகிற ஒவ்வொரு பிள்ளையும் தன் நிலத்திலிருந்து ஒரு கல் கொண்டு வரட்டும் என்று சார் சொன்னார். ஊரே கொதித்தது. நம்மில் ஒருவருக்குக் கல் வைப்பது அவர் செத்த பிறகுதானே, குலத்துக் காட்டில். சார் கீழ்நாட்டு ஆள், அவருக்கு அது தெரியாது. நம் அப்பா பள்ளிக்கூட வாசலில் நின்று, "உசுரோட கீற புள்ளைக்கு கல்லா? இன்னா சார் நெனச்சினு கீறீங்க?" என்று சண்டை போட்டார். கடைசியில் ஊர்க்கவுண்டர்தான் வழி சொன்னார். செத்தவன் கல்லை மற்றவர்கள் சுமக்கிறார்கள். உயிரோடு இருப்பவன் தன் கல்லைத் தானே சுமக்கட்டும், பெரியவர்கள் கை அதில் படக் கூடாது. அப்படி வந்ததுதான் சேர்க்கைக் கல். சாந்து இல்லாமல் அடுக்கிய சுவர், வருஷத்துக்கு ஒரு வரிசையாக நீண்டது. முதல் வரிசையில் மூன்று பெண்களின் கல் உண்டு. என்னுடையது சின்னது, சோம்பேறிக் கல்.

இப்போது எனக்கு வேண்டியதைக் கேட்கிறேன். இடிக்கும் முன்னால் என் வெற்றியின் கல்லை எடுத்து வை. 2007ஆம் வருஷத்து வரிசை, கேட்டுக்கு இடது பக்கம், அடியிலிருந்து மூன்றாவது. வெள்ளை ரேகை ஓடும். என் பிள்ளை வீட்டை விட்டுப் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. அவன் வருகிற அன்றைக்குத்தான் மலை ஏறுவேன் என்று இங்கே உட்கார்ந்திருக்கிறேன். அவன் திரும்பி வரும்போது பள்ளிக்கூடம் இல்லாவிட்டாலும் அவன் கல்லாவது இருக்க வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

தங்கச்சி சுந்தரம்மாள்


புங்கமேடு
24.7.2024

சுந்தரத்துக்கு,

எல்லோரும் சௌக்கியம். மழை பெய்து சாமை விதைத்தாயிற்று. பதில் தாமதம். மன்னித்துக்கொள்.

நீ எழுதியதை டீச்சர் அம்மா இரண்டு முறை படித்தார். உடைந்த ஓட்டைப் பற்றிப் படித்துவிட்டுச் சிரித்தார். அதைப் போடத்தான் போகிறார், நான் சொல்லியும் கேட்கவில்லை.

நீ விட்டதை நான் சொன்னேன். நடுக் கூடத்து உத்தரம் பலா மரம். பெரிய சித்தப்பா நிலத்து மரம், காய்த்துக்கொண்டிருந்த மரத்தை வெட்டிக் கொடுத்தார். அதற்காகச் சித்தி அவரோடு ஒரு வருஷம் பேசவில்லை. மணி என்று நாங்கள் சொன்னது லாரியின் ஸ்பிரிங் பட்டை. மலைப்பாதையில் உருண்ட லாரியிலிருந்து கழற்றி வந்தது. ஓட்டுப் போட்டது, தடுப்பூசி போட்டது, பெருமழையில் வீடு இழந்தவர்கள் படுத்தது எல்லாம் அந்தக் கூடத்தில்தான். பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேறிய வருஷம் 1998. அன்றைக்கு மணியை நான் நிறுத்தாமல் கால் மணி நேரம் அடித்தேன், சார் வந்து கையைப் பிடித்தார்.

மேற்கு அறையின் கரும்பலகை சுவரிலேயே பூசியது. அதைத் தொட்டால் கரி இப்போதும் ஒட்டுகிறது. ஓடுகளை இறக்க ஆள் பேசிவிட்டார்கள். ஜன்னல்களை முதலில் கழற்றுவார்களாம்.

வேளைக்குச் சாப்பிடு. மற்றவர்களுக்குப் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிடாதே.

வேடியப்பன்


அவிநாசி
3.8.2024

அண்ணனுக்கு,

நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

பலா மரம் எழுதினாய், லாரிப் பட்டை எழுதினாய், சித்தி பேசாததைக்கூட எழுதினாய். கல்லைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் எழுதிய கடைசிப் பத்தியை எலி கடித்துவிட்டதா?

மறந்துவிட்டாய் என்றால் ஞாபகப்படுத்துகிறேன். அவன் சேர்ந்த அன்று நீ வாசலில் நின்றுகொண்டிருந்தாய். கடுக்காய் மரத்தடியில் கிடந்த பெரிய கல்லை அவன் தேர்ந்தெடுத்தான். வேண்டாம்டா, சின்னதா எடு என்றேன். கேட்கவில்லை. ஒரு மைல் தலையில் சுமந்து வந்து, கேட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் கை நழுவிக் காலில் போட்டுக்கொண்டான். கட்டைவிரல் நகம் பெயர்ந்து ரத்தம். கல்லும் ஒரு மூலை உடைந்தது. நீ தூக்கிக் கொடுக்க ஓடி வந்தாய். "மாமா தொடாத, நானே வெக்கறேன்" என்று நொண்டிக்கொண்டே போய் அவன்தான் வைத்தான். அந்தக் கல்லைத்தான் கேட்கிறேன்.

ஜேசிபிக்காரன் வருவதற்குள் எடுத்து வை. எப்போது எடுத்தாய் என்று ஒரு கார்டு போடு, போதும்.

சுந்தரம்மாள்


புங்கமேடு
1.9.2024

சுந்தரத்துக்கு,

எல்லோரும் இருக்கிறோம்.

போன வாரம் டீச்சர் அம்மா ஊரெல்லாம் சொல்லி அனுப்பினார். அவரவர் சேர்க்கைக் கல் வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள்ளலாம், மீதி புதிய கட்டிடத்து அஸ்திவாரத்துக்குப் போகும் என்று. இரண்டு நாள் திருவிழாதான். போளூரிலிருந்து வேன் வைத்து வந்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர் ஆனவன் ஒருவன் பேண்ட்டோடு மண்ணில் மண்டியிட்டு வரிசை எண்ணினான். "இதான் என்துது, இதுல பல்லி மாதிரி ஒரு கோடு இருக்கும்" என்று ஒருத்தி கட்டிப்பிடித்துக்கொண்டாள். ஒரே கல்லுக்கு இரண்டு பேர் சண்டை போட்டார்கள், நான்தான் தீர்த்து வைத்தேன். உன்னோடு முதல் வருஷம் படித்த தமிழரசியின் கல்லை அவள் மகள் வந்து வாங்கிக்கொண்டாள். உன் சோம்பேறிக் கல்லை நான் எடுத்து வைத்திருக்கிறேன்.

வெற்றியின் கல்லையும் எடுத்துவிட்டேன். கோயில் காரியத்துக்கு வந்த என் மகள் செந்தாமரை திருப்பூருக்குத் திரும்புகிறாள், அவளிடம் கொடுத்து அனுப்புகிறேன். பாவம், உன் மருமகள் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வர வேண்டும். பத்திரமாக வாங்கிக்கொள். இனி அதைப் பற்றி வருத்தப்படாதே.

வேடியப்பன்


அவிநாசி
20.9.2024

அண்ணனுக்கு,

செந்தாமரை வந்தாள். கை சிவந்து போயிருந்தது. சாப்பிட வைத்து அனுப்பினேன். பனியன் கம்பெனியில் இப்போது அவளுக்கு நல்ல வேலைதானாம்.

அவள் போன பிறகு கல்லை எடுத்து வைத்துப் பார்த்தேன். இது என் பிள்ளை கல் இல்லை.

நம் நிலத்துக் கல்தான், வெள்ளை ரேகையும் இருக்கிறது. மூலையும் உடைந்திருக்கிறது. ஆனால் அந்த உடைப்பு புதிது, சுத்தியல் பட்ட இடம் வெள்ளையாகத் தெரிகிறது. அன்றைக்குக் கேட்டில் விழுந்த சில்லை நான் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு வந்தேன், உனக்குத் தெரியாது. அவன் ரத்தம் பட்டிருந்தது, போட மனம் வரவில்லை. பதினேழு வருஷமாக என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை.

எனக்குக் கோபம் இல்லை. கல் தொலைந்துவிட்டது என்றால் தொலைந்தது என்று சொல். யாராவது மாற்றி எடுத்துப் போயிருந்தால் பெயரைச் சொல், நான் எழுதிக் கேட்கிறேன். அறுபத்து மூன்று வயதில் உட்கார்ந்து கல்லை உடைத்து எனக்கு அனுப்பியிருக்கிறாயே, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

தீபாவளிக்குச் சட்டை பார்சலில் போட்டிருக்கிறேன். வழக்கம்போல அவன் பெட்டியில் வை. போகும்போது முப்பத்தாறு போட்டான். இப்போது இருபத்தெட்டு வயது, அவன் அப்பா தோள் வந்திருக்கும். நாற்பத்திரண்டு எடுத்திருக்கிறேன். நீலக் கட்டம்.

சுந்தரம்மாள்


புங்கமேடு
14.10.2024

சுந்தரத்துக்கு,

சட்டை வந்தது. நல்ல துணி. வைத்திருக்கிறேன்.

ஓடுகளை இறக்கிவிட்டார்கள். நடுக் கூடத்தில் வெயில் விழுகிறது. அங்கே வெயிலை நான் பார்த்ததே இல்லை. பலா உத்தரத்தை இறக்கும்போது பார்த்தேன், இத்தனை வருஷத்துக்குப் பிறகும் கரையான் தொடவில்லை. சித்தப்பாவின் பேரன் கேட்டு வாங்கிக்கொண்டான்.

மலர் அச்சுக்குப் போக இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. உன் பகுதியை நீதான் முடித்துக் கொடுக்க வேண்டும் என்கிறார் டீச்சர்.

கல்லைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். நாலு நாளாக உட்காருகிறேன்.

வேடியப்பன்


அவிநாசி
21.10.2024

அண்ணா,

வந்து நேரில் கேட்க எனக்குத் தெரியும். அவன் வராமல் மலை ஏற மாட்டேன் என்று சொன்ன வாக்குக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

கல் எங்கே?

சுந்தரம்மாள்


புங்கமேடு
5.11.2024

அம்மா சுந்தரா,

தீபாவளிக்கு வந்த செந்தாமரை கையிலேயே இதைக் கொடுத்து அனுப்புகிறேன். நீ படித்து முடிக்கும் வரையும், அதற்குப் பிறகும், உன் பக்கத்திலேயே இருக்கச் சொல்லியிருக்கிறேன். கம்பெனியில் லீவு சொல்லிவிட்டாள்.

வெற்றி இல்லை அம்மா. இந்த ஒரு வரியை எழுத எனக்கு எட்டு வருஷம் ஆயிற்று.

மரம் வெட்டும் வேலைக்கு மேஸ்திரியோடு ஐந்து பேர் போனார்கள், நாலு பேர் திரும்பினார்கள். வேறு கூட்டத்தோடு மேற்கே போய்விட்டான், வருவான் என்று எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள், உனக்கும் சொன்னார்கள். 2016இல், அந்த நாலு பேரில் ஒருவனான ரமேஷ் ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு வந்து, நான் மணி அடித்து முடிக்கும் வரை நின்றான். "மாமா, வெற்றி இல்ல மாமா" என்றான். இன்னாடா சொல்ற என்று அவன் சட்டையைப் பிடித்தேன். அடர்ந்த காட்டில் காய்ச்சல் வந்து ஆறு நாள் கிடந்திருக்கிறான். அனுமதி இல்லாத வேலை, வெளியே தூக்கி வந்தால் மாட்டிக்கொள்வோம் என்று பயந்து மருந்து இல்லாமலே வைத்திருந்திருக்கிறார்கள். ஏழாம் நாள் போய்விட்டான். அங்கேயே புதைத்துவிட்டு வந்தார்களாம். "எந்த எடம்னு கேட்டா எனக்கே தெரியாது மாமா. எல்லா மரமும் ஒரே மாதிரி இருந்துச்சு" என்று அழுதான். கடைசியில் உன்னைத்தான் கேட்டிருக்கிறான். தண்ணீர் கேட்டான், அம்மா கேட்டான் என்றான் ரமேஷ்.

அப்போதே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். 2015இல் நீ மருந்தைக் குடித்ததும், நான் உன்னை மடியில் போட்டுக்கொண்டு ஜீப்பில் மலை இறங்கியதும் உனக்கு ஞாபகம் இருக்காது, எனக்கு இருக்கிறது. ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் என் கையைப் பிடித்து, அவன் வருகிற வரைக்கும் இருப்பேன் என்று சத்தியம் செய்தாய். அந்தச் சத்தியத்தில்தான் நீ உயிரோடு இருந்தாய். அதை நான் எப்படி உடைப்பேன்?

ஆனால் அவனுக்குக் கல் வைக்காமலும் விட முடியவில்லை. உடம்பு திரும்பாதவனுக்கு அவன் கையால் சுமந்த கல்லைத்தான் நட வேண்டும், அது உனக்கே தெரியும். அவன் சுமந்தது என்று இந்த மலையில் வேறு எது இருக்கிறது? 2017 பொங்கலுக்கு முதல் நாள் சுவரிலிருந்து எடுத்தேன். அன்றைக்குத் தொடாதே மாமா என்றான். இந்த முறை நான்தான் சுமந்தேன். தாய்மாமன் சுமக்காமல் யார் சுமப்பது? அவன் தலையில் வைத்துக்கொண்டு வந்த கல் அது, என்னால் பாதி வழி வரை தூக்க முடியவில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து போனேன். குலத்துக் காட்டில் அவன் அப்பாவின் கல்லுக்குப் பக்கத்தில் நட்டேன். பொங்கலுக்குப் பொங்கல் ஊரே படையல் போடுகிறது, உன் காதுக்குப் போகக் கூடாது என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டேன். சுவரில் இருந்த ஓட்டைக்கு அதே கடுக்காய் மரத்தடியிலிருந்து இன்னொன்று வைத்தேன். அதைத்தான் உனக்கு அனுப்பினேன்.

சட்டைகளையும் சொல்லிவிடுகிறேன். பெட்டியில் ஒன்றும் இல்லை. முதல் படையலுக்கு மூன்று, அப்புறம் வருஷத்துக்கு ஒன்று என்று கல்லின் மேல் வைத்தேன். பத்துச் சட்டை. நீ அனுப்பியது அவனுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. இந்த வருஷத்து நீலக் கட்டம் மட்டும் என்னிடம் இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. மேஸ்திரியோடு போகட்டுமா மாமா என்று என்னைத்தான் கேட்டான். போய்ட்டு வாடா என்றேன்.

வேடியப்பன்


புங்கமேடு
8.12.2024

சுந்தரா,

மொட்டைப் பாறைக்கு ஏறிப் போன் செய்தேன், நீ சாப்பிடுகிறாய், சமையலுக்குப் போகிறாய் என்று செந்தாமரை சொன்னாள். அது போதும். பதில் எழுத வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

கட்டிடம் போன புதன்கிழமை முழுவதும் விழுந்துவிட்டது. நான் போகக் கூடாது என்றுதான் இருந்தேன், பத்து மணிக்குக் கால் தானாகப் போயிற்று. மேற்கு அறைக் கரும்பலகைச் சுவர் கடைசியாக விழுந்தது. அந்த மணிப் பட்டையை டீச்சர் அம்மா எனக்குக் கொடுத்துவிட்டார். வீட்டு வாசலில் மாட்டச் சொன்னார். மாட்டவில்லை, படுக்க வைத்திருக்கிறேன்.

உன் அண்ணி சமைக்கிறாள், வைக்கிறாள், ஒன்றும் பேசுவதில்லை. அவளுக்கும் எட்டு வருஷமாகத் தெரியும். வீடு வீடாக இல்லை.

கல்லைத் திரும்ப எடுத்துவிடு என்று நீ சொன்னால் எடுத்துவிடுகிறேன். ஊர் என்ன சொன்னாலும் சரி.

வேடியப்பன்


அவிநாசி
4.1.2025

அண்ணனுக்கு சுந்தரம்மாள் எழுதுவது.

இருக்கிறேன். செந்தாமரை பத்து நாள் என்னோடு படுத்துக்கொண்டாள். நான் பாத்ரூம் போனால்கூட வாசலில் நின்றாள். அவளைப் போகச் சொன்னதே நான்தான்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். வரவில்லை. எட்டு வருஷம் ஊரே அவனுக்குப் படையல் போட்டிருக்கிறது, பெற்றவள் மட்டும் இங்கே உட்கார்ந்து பஸ் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். காது கேட்காதவள் எந்தச் சத்தத்தை எண்ணுவாள் என்று கேட்காதே, எண்ணினேன். அவனுக்காக அழுதிருக்க வேண்டிய எட்டு வருஷத்தை நீ எடுத்துக்கொண்டாய். நான் செத்துவிடுவேன் என்று பயந்தாய், அதுவும் தெரிகிறது. இரண்டையும் ஒரே நாளில் என்னால் தாங்க முடியவில்லை. நேரில் பார்க்கும்போது எது வருகிறதோ அது வரட்டும்.

நீ போய்ட்டு வாடா என்று சொன்னதை எழுதியிருந்தாய். அதே நாள் காலையில் நானும் அதைத்தான் சொன்னேன். அவனுக்குச் சோறு கட்டிக் கொடுத்தவளே நான்தான்.

டீச்சர் அம்மாவுக்கு வரலாற்றின் கடைசிப் பகுதியைச் சொல்கிறேன், எழுதிக்கொடு. புங்கமேடு உயர்நிலைப் பள்ளியின் சுவரில் இருந்த கற்களெல்லாம் பிள்ளைகள் தாமே சுமந்து வந்தவை. பெரியவர் கை எதிலும் படவில்லை. 2007ஆம் வருஷத்து வரிசையில் ஒரு கல்லை மட்டும் பிறகு அவன் தாய்மாமன் சுமந்தார். அது குலத்துக் காட்டில் இருக்கிறது. பெயர் வெற்றிச்செல்வன். அவன் பத்தாம் வகுப்பு வரை படித்தான். இதில் எதையும் அடிக்க வேண்டாம் என்று சொல். உடைந்த ஓடும் இருக்கட்டும்.

கல்லை எடுக்காதே. நான் வருகிறேன். போகிக்கு முதல் நாள் புதூர்நாட்டில் இறங்குவேன், ஜீப்புக்கு வந்து நில். அவன் வரும்போதுதான் வருவேன் என்று சொல்லியிருந்தேன். எட்டு வருஷத்துக்கு முன்பே அவன் வந்துவிட்டானே, நான்தான் தாமதம். சில்லைக் கொண்டு வருகிறேன். அந்த மூலையில் நானே வைத்துப் பார்க்க வேண்டும். பொருந்தினால்தான் நம்புவேன்.

படையல் சட்டையை நான் வரும் வரை வைக்காதே. நீ வைத்ததையெல்லாம் படுத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தேன். முப்பத்தெட்டு, முப்பத்தெட்டு, நாற்பது என்று வருஷத்துக்கு வருஷம் பெரிதாக எடுத்து அனுப்பினேன். என் பிள்ளை பதினெட்டிலேயே நின்றுவிட்டான். ஒன்றுகூட அவனுக்குச் சரியாக இருந்திருக்காது.

அந்த நாற்பத்திரண்டை நீ போட்டுக்கொள். நான் முப்பத்தாறு எடுத்துக்கொண்டு வருகிறேன்.

தங்கச்சி சுந்தரம்மாள்